எல்லாமே கோரைதானா? பெங்களூர் ஏரிக்கரையில் இனம் பிரிக்கும் முறை

ஜக்கூர், ஹெப்பால், அகரா என்று பெங்களூரில் எந்த ஏரிக்குப் போனாலும் கரையோரம் பச்சைக் குச்சிகள் கூட்டமாக நிற்கும். பொத்தாம்பொதுவாகக் கோரை என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். செடியின் பெயர் சொல்லும் செயலியில் படம் போட்டால் தடவைக்கு ஒரு பெயர் வருகிறது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடையாளம் தண்டிலும் விதையிலும் இருக்கிறது, நாமோ தூரத்துப் பச்சையைப் படம் எடுத்துப் போடுகிறோம்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பிளேடு, கையுறை. பல ஏரிகளில் கழிவுநீர் கலப்பதால் கையுறை கட்டாயம். சேற்றில் இறங்காதீர்கள், கரையில் நின்றபடி கைக்கு எட்டுவதே போதும். மழை ஓய்ந்த மாதங்களில் போனால் பூவும் காயும் சேர்ந்து கிடைக்கும்.

படி 1: சம்பையும் நாணலையும் ஒதுக்குங்கள்

ஆளுயரத்துக்கு மேல், நாடா மாதிரி நீண்ட இலை, உச்சியில் பழுப்பு நிற உருளைக் கதிர் இருந்தால் அது சம்பு, அதாவது டைஃபா. ஜக்கூரில் சுத்திகரிப்பு நிலையத்து நீர் ஏரிக்குள் போகும் முன் கடக்கும் சதுப்பில் இது நிறைய உண்டு. கணுக்கணுவாக, உள்ளே பொள்ளலாக, உச்சியில் இறகுக் கொத்தோடு இருப்பது நாணல். இந்த இரண்டும் சுலபம்.

படி 2: தண்டை விரலிடையே உருட்டுங்கள்

மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் சைபெரஸ் பேரினம், அதாவது பல இனங்கள் அடங்கிய கோரைக் கூட்டம். இலைகளும் மூன்று திசையில் கிளம்பும். புல்லுக்கு இரண்டு திசைதான், தண்டில் கணுவும் இருக்கும்.

சைபெரஸுக்குள் பிரிக்க மூன்றை மட்டும் பழகிக்கொண்டால் போதும். பூக்கொத்து நெருக்கமான உருண்டைகளாக இருந்தால் சைபெரஸ் டிஃபார்மிஸ். சிறுகதிர் (பூக்கொத்தில் இருக்கும் குட்டிக் கதிர்) செம்பழுப்பாக இருந்து, மண்ணுக்குள் கிழங்கும் இருந்தால் நம் கோரைக்கிழங்குச் செடி, சைபெரஸ் ரொட்டண்டஸ். மஞ்சள் கலந்த சிறுகதிரும், கிழங்கில்லாத வெறும் சல்லிவேரும் என்றால் சைபெரஸ் ஐரியா.

படி 3: உருண்டைத் தண்டா? இங்கேதான் நிதானம் வேண்டும்

விளிம்பில்லை, இலையும் இல்லை, வெறும் பச்சைக் குழாய். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். குழாயை அழுத்தினால் படபடவென்று நொறுங்குகிறதா? உள்ளே குறுக்கே தடுப்புகள் இருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் எலியோகாரிஸ் டல்சிஸ், ஸ்கீனோப்ளெக்டியெல்லா ஆர்ட்டிகுலேட்டா என்ற இரண்டு கோரைகளுக்குமே அந்தத் தடுப்பு உண்டு. அதனால் சத்தத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதீர்கள்.

பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எலியோகாரிஸில் தண்டின் நுனியில் ஒரே ஒரு சிறுகதிர், கிட்டத்தட்ட தண்டின் பருமனிலேயே இருக்கும். ஆர்ட்டிகுலேட்டாவிலோ பல சிறுகதிர்கள் ஒரே கொத்தாகத் தண்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அந்தக் கொத்துக்கு மேலேயும் தண்டு நீள்வது போலத் தோன்றும். அது தண்டு இல்லை, பூவடி இலைதான் தண்டு வேஷம் போடுகிறது. (சைனீஸ் உணவகத்தில் மொறுமொறுவென்று வெள்ளையாக வரும் வாட்டர் செஸ்ட்நட், எலியோகாரிஸ் டல்சிஸின் கிழங்குதான். அதற்காக ஏரியில் தோண்டிச் சாப்பிட்டுவிடாதீர்கள்!)

பூவே இல்லாத செடியா? பேரினம் வரைகூட ஊகிக்காமல் விட்டுவிடுங்கள். பூத்த பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: லென்ஸை எடுங்கள்

பக்கவாட்டுக் கொத்து, கோரைக் குடும்பத்தைச் சேராத ஜங்கஸ் பேரினத்திலும் வரும். நீலகிரி, கொடைக்கானல் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜங்கஸ் பூவில் நட்சத்திரம் போல ஆறு சிறிய இதழ்கள் இருக்கும், காயைப் பிளந்தால் தூள் மாதிரிப் பல விதைகள் கொட்டும். கோரைக் குடும்பத்தில் இதழ் வட்டம் கிடையாது. சிறுகதிரில் அடுக்கியிருக்கும் ஒரு செதிலுக்குள் ஒரு பூ, அதில் ஒரே ஒரு கொட்டை.

செதில்களின் அடுக்கையும் பாருங்கள். இரண்டு வரிசையாகத் தட்டையாக அடுக்கியிருந்தால் சைபெரஸ் பக்கம். சுற்றிச் சுற்றி ஏறினால் ஸ்கீனோப்ளெக்டியெல்லா, எலியோகாரிஸ் பக்கம்.

படி 5: படம் எடுப்பது

முழுச்செடி, தண்டின் குறுக்குவெட்டு, இலையடி, பூக்கொத்து, உள்ளங்கையில் வைத்த விதை, எல்லாவற்றையும் தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். குறுக்குவெட்டுக்கு ஒரே ஒரு தண்டு போதும், வேரோடு பிடுங்க வேண்டாம். உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடும்போது சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தைத் தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள்.