"சொல்லு" என்று சொல்லாமல் பேச்சை வரவழைப்பது

ஆட்டிசம் உள்ள, இன்னும் பேச்சு வராத குழந்தைக்கு முதல் வேலை செவித்திறன் பரிசோதனை. ஆட்டிசம் உறுதியாகியிருந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்குக்கூடப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம்.

பயிற்சி விளையாட்டில்தான் தொடங்கும். தரையில் எதிரே உட்காருங்கள். உங்கள் முகம் குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கட்டும். அது கார்களை வரிசையாக அடுக்கினால் நீங்களும் ஒரு காரை எடுத்து அடுக்குங்கள், "கார்... வை" என்று சொல்லிக்கொண்டே. "இது என்ன? என்ன நிறம்?" என்ற கேள்விகள் வேண்டாம். அவை தேர்வு, உரையாடல் அல்ல.

அடுத்தது காத்திருப்பு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சோப்புக் குமிழியை இரண்டு முறை "ஊது" என்று சொல்லி ஊதுங்கள். மூன்றாம் முறை குழலை வாயருகே வைத்தபடி நிறுத்தி, ஆவலோடு குழந்தையைப் பார்த்து, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பார்வை, நீட்டிய கை, "ஊ" என்ற முனகல், எது வந்தாலும் அது பேச்சுதான், உடனே "ஊது!" என்று சொல்லி ஊதிவிடுங்கள். எதுவும் வராவிட்டாலும் பத்தில் சொல்லி ஊதுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் குழந்தை அழும், விளையாட்டை விட்டே போய்விடும். மூன்று நொடியில் பொறுமை இழந்து மறுபடி கேட்டாலோ, அது பதிலைத் திரட்டிக்கொண்டிருந்த நேரம் வீணாகிறது.

நிறம், விலங்கு, எழுத்து எல்லாம் பிறகு. முதலில் காரியம் நடத்தும் சொற்கள்: தா, வா, திற, இன்னும், போதும், வேணாம். "வேணாம்" என்பதைக் குழந்தை எப்படிக் காட்டினாலும் முடிந்தவரை மதியுங்கள். மறுக்க வழி இருந்தால் அலறத் தேவை குறையும். அது ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாக்குங்கள்: "தண்ணி", "தண்ணி வேணும்". "தண்ணி வேணுமா?" என்று கேட்டே பழக்கினால் சில குழந்தைகள் தாகம் எடுக்கும்போது அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்லும். அதுவும் கேட்பதுதான், திட்டாமல் தண்ணீரைக் கொடுத்து, சரியான வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.

படத்தைக் காட்டிக் கேட்க உதவும் படப்பலகையோ, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை ஒலிக்கும் டேப்லெட்டோ தந்தால் வாய் சோம்பிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. 5 முதல் 8 வயதுவரையுள்ள 61 குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், விளையாட்டுப் பயிற்சியோடு தொடக்கத்திலிருந்தே பேசும் கருவியும் பெற்றவர்கள் வாயாலோ கருவியாலோ தாமாகச் சொன்னவை, கருவி இல்லாமல் பயிற்சி பெற்றவர்களைவிட அதிகம். ஆனால் கருவியை அலமாரியில் வைத்துவிட்டுப் பயிற்சி நேரத்தில் மட்டும் எடுத்தால் பலன் குறையும். கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். "ஊது" என்று சொல்லும்போதெல்லாம் நீங்களும் அந்தப் படத்தைத் தொடுங்கள். குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தட்டவைக்கும் முறைகளை மட்டும் நம்பாதீர்கள். அங்கே வரும் சொற்கள் பிடித்திருப்பவருடையவை என்று சோதனைகளில் பலமுறை தெரிந்திருக்கிறது.

புரிகிறது, முயல்கிறது, ஆனால் ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக வருகிறது என்றால் வாயசைவுத் திட்டமிடலில், அதாவது நாக்கும் உதடும் எப்படி அசையவேண்டும் என்று மூளை திட்டமிடுவதில், சிக்கல் இருக்கலாம்; பேச்சுப் பயிற்சியாளரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். வந்த சொற்கள் மறைந்துபோனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.