மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அக்கா, வனவியல் படிச்சா புலி, யானையெல்லாம் பார்க்கலாமா?" பார்க்கலாம். ஆனால் நான்கு வருஷத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது மரத்தைத்தான். விலங்குதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் விலங்கியல் படித்துவிட்டு, முதுகலைக்கு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ வனவிலங்கு உயிரியல் சேருங்கள். அதுவும் நல்ல வழிதான்.

சேர்க்கை விஷயம் சுருக்கமாக. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போடுவார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, மறந்துவிடாதீர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 'அக்ரி கிடைக்கவில்லை, அதனால் வனவியல்' என்று வருகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருப்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களில் பாதிப் பேர் இரண்டாம் வருஷத்தில் மற்றவர்களைவிட நன்றாக மரம் அடையாளம் சொல்வார்கள்.

சரி, உள்ளே வந்ததும் என்ன செய்வது? மரத்தின் பெயரைப் பிடியுங்கள். மரவளர்ப்பு, அளவையியல் (மரத்தை அளக்கும் கணக்கு), வேளாண்காடு (வயலில் பயிரோடு மரம் வளர்ப்பது) எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. கல்லூரி வளாகத்திலேயே ஒரு நாளைக்கு இரண்டு மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையை மட்டும் நம்பாதீர்கள். அடிவாரத்து இலையுதிர் காட்டில் மார்ச் மாதம் போனால் முக்கால்வாசி மரம் மொட்டையாக நிற்கும். அப்போது பட்டைதான் துணை. கருமருதின் பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். பவானிக் கரையில் நிற்கும் நீர்மருது அதற்கு நேர் எதிர்: வழவழப்பு, வெளிறிய நிறம், சில்லு சில்லாகத் தோல் உரியும். அதன் காயைப் பொறுக்கிப் பாருங்கள், ஐந்து இறக்கை இருக்கும். வேங்கையின் பட்டையை லேசாகக் கீறினால் சிவப்பாகப் பிசின் கசியும். தேக்கின் கொழுந்து இலையைக் கசக்கினால் விரலெல்லாம் சிவந்துவிடும். இப்படி ஒவ்வொரு மரத்துக்கும் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளும் ஓர் அடையாளம் எழுதி வையுங்கள். தமிழ்ப் பெயர், உள்ளூர்க்காரர் சொல்லும் பெயர், லத்தீன் பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.

ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டும் தாவர மாதிரித் தொகுப்புக்கு, பூவோ காயோ உள்ள கிளையாகப் பாருங்கள். வெறும் இலையை ஒட்டினால் மார்க் போகும். செய்தித்தாளுக்குள் விரித்து அழுத்தி வைத்து, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒன்று கவனம்: சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. வளாகத்திலும் சாலையோரத்திலும் கிடைப்பதே போதும். ஒரு சனிக்கிழமை கோவை போய் காஸ் வன அருங்காட்சியகத்தில் கட்டை மாதிரிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால், தேக்கின் குறுக்குவெட்டில் துளைகள் வளையம் வளையமாக இருப்பது பளிச்சென்று தெரியும்.

அடுத்து அளவை. பலரும் பயப்படும் தாள் இது. எனக்குச் சோறு போடுவதும் இதுதான். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். நெஞ்சுயரம் என்போம். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். 1.37-க்குக் கீழேயே கவை பிரிந்தால் இரண்டு மரமாகக் கணக்கு. 157 செ.மீ. சுற்றளவு என்றால் 3.14-ஆல் வகுங்கள், விட்டம் 50 செ.மீ.

உயரத்துக்கு லேபில் கருவி தருவார்கள். கருவி இல்லாத இடத்தில் ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து விரல் வரை உள்ள நீளத்துக்குக் குச்சியை ஒடித்துக்கொள்ளுங்கள். அதன் அடியைப் பிடித்து நேராக நிறுத்தி, மரத்தைப் பார்த்தபடியே பின்னால் போங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியிலும், நுனி மரத்தின் நுனியிலும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். சாய்ந்த மரத்துக்கு இது சரிவராது. பின்னால் நடக்கும்போது குழி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கட்டைக்கு வருவோம். நடுச்சுற்றளவு 1.6 மீட்டர், நீளம் 5 மீட்டர் தேக்குக் கட்டை. கால் சுற்றளவுக் கணக்குப்படி சுற்றளவில் கால் பங்கான 0.4-ஐ 0.4-ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் 0.8 கன மீட்டர். உருளைக் கணக்குப்படி போட்டால் 1.02 வரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கிலேயே வருவதில்லை! கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது கழிந்துபோவதை மனசில் வைத்து வந்த முறை இது. விலையும் அதற்கேற்பத்தான் பேசுவார்கள். ஆனால் எந்தக் கணக்கில் விலை சொல்கிறார்கள் என்று தெரியாத விவசாயி ஏமாறுவது நிச்சயம். மலைவேம்பும் தேக்கும் போட்டவர்கள் என்னை அழைப்பதே இதற்காகத்தான். பரீட்சைக்கு மட்டும் படித்து மறந்துவிடாதீர்கள்.

காட்டுக்குள் போகும் நாட்களில் முன்னே நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் 'நில்' என்றால் நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்கலாம். அவர்களில் பலர் இருளர்கள். நமக்குப் பூ இல்லாமல் பிடிபடாத மரத்தை அவர்கள் தூரத்திலிருந்தே சொல்வார்கள். 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பக்கத்திலேயே நடங்கள், நோட்டு நிறையும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பொடி உண்ணி ஏறினால் வாரக்கணக்கில் சொறிவீர்கள். வாசனை ஸ்ப்ரே, சிவப்புச் சட்டை இரண்டும் ஹாஸ்டலிலேயே இருக்கட்டும்.

காட்டு வகைகளை மனப்பாடம் செய்யச் சாம்பியன், சேத் என்ற வனவியலாளர்கள் இருவரும் 1968-இல் வகுத்த பட்டியலைத் தருவார்கள். 16 வகை. அதைப் படிக்க நல்ல இடம் ஊட்டி பஸ்ஸின் ஜன்னல் சீட். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200-க்கு மேல். ஐம்பது கிலோமீட்டருக்குள் அடிவாரத்து முட்புதர், இலையுதிர் காடு, ஈரமான பள்ளங்களில் பசுமை மாறாத மரங்கள், உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் என்று வரிசையாக வந்துவிடும். நடுவே பாக்குத்தோப்பும் தேயிலையும் எந்தக் காட்டைத் தின்றன என்று யோசித்துக்கொண்டே போங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்.

சட்டத் தாளில் தமிழ்நாடு வனச் சட்டம் 1882, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, வன உரிமைச் சட்டம் 2006 நான்கையும் கைடில் படிக்காமல் மூலத்திலேயே படியுங்கள். கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

வேலை? படித்து முடித்ததும் வனத்துறை கூப்பிட்டு உத்தியோகம் கொடுக்காது, போட்டித் தேர்வுதான். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) எழுத ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வையே தாண்ட வேண்டும், 2013 முதல் அப்படித்தான். மெயினில் வனவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், ஆனால் அதோடு வேளாண்மையைச் சேர்த்து எடுக்க முடியாது. டி.என்.பி.எஸ்.சி.யில் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில்பழகுநர் பதவிகள் உண்டு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் நாம் எழுதலாம். இது பலருக்குத் தெரியவே தெரியாது. காகித ஆலைகளும் சவுக்கு, தைல மரத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கின்றன.

ஐ.எஃப்.எஸ். உடல்தகுதியில் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடக்க வேண்டும். மூன்றாம் வருஷத்திலிருந்தே வாரம் ஒரு நாள் நடந்து பழகுங்கள். கல்லாறு பக்கம் வேண்டாம், அது யானை கடக்கும் வழி. நன்றாக விடிந்த பிறகு காரமடைப் பக்கம் போங்கள். லாரி ஓட்டம் ஜாஸ்தி, ஓரமாக நடங்கள்.