நண்டு என்றால் எந்த நண்டு?

நண்டு நெபுலாவைக் கடக ராசியில் தேடாதீர்கள். அது இருப்பது ரிஷபத்தில், காளையின் கொம்பு நுனி விண்மீனுக்குப் பக்கத்தில். 1054-இல் ஒரு விண்மீன் வெடித்துப் பட்டப்பகலிலேயே தெரிந்ததைச் சீனர்கள் குறித்து வைத்தார்கள். அதன் மிச்சம்தான் இது. 1840-களில் அயர்லாந்தின் ராஸ் பிரபு தொலைநோக்கியில் பார்த்து வரைந்த படம் நண்டு மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு இன்னும் பெரிய தொலைநோக்கியில் பார்த்தபோது அந்தச் சாயல் அவருக்கே தென்படவில்லை என்பதுதான் கூத்து.

கடக ரேகையிலும் இதே குழப்பம். சூரியன் வடக்கே எட்டும் எல்லைக்கோடு அது. எட்டுவது ஜூன் 21 வாக்கில். பெயர் வைத்த காலத்தில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன், அன்றைக்குச் சூரியன் கடக விண்மீன்கள் பக்கம் இருந்தது. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுவதால், இப்போது அதே நாளில் ரிஷபத்துக்கும் மிதுனத்துக்கும் எல்லையோரம் நிற்கிறது.

நம் பஞ்சாங்கம் விண்மீன்களை ஒட்டிய கணக்கு. அதில் சூரியன் கடகத்தில் நுழைவது ஜூலை நடுவில், ஆடி முதல் நாள். தட்சிணாயனம் அன்றுதான் பிறக்கிறது என்கிறோம். சூரியனோ மூன்று வாரத்துக்கு முன்பே தெற்கே திரும்பியிருக்கும். நம்பிக்கை வரவில்லையா? ஜூன் 21 அன்றும் ஆடி முதல் நாளும் மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று, சூரியன் உதிக்கும் இடத்தைக் குறித்துப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு சூரியன் அகலத்துக்குத் தெற்கே நகர்ந்திருக்கும்.

அப்புறம் ராசிபலன். ஆங்கிலத்தில் கடக ராசிக்கும் புற்றுநோய்க்கும் ‘கேன்சர்’ என்று ஒரே சொல் என்பதால், இயந்திர மொழிபெயர்ப்பில் ‘புற்றுநோய் ராசிக்குப் பணவரவு’ என்கிற ரகத்தில் வந்து விழும். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தநாளங்கள் நண்டுக்கால்களாகத் தெரிந்ததால் கிரேக்க வைத்தியர்கள் நோய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பார்கள். நம் சொல்லில் நண்டே கிடையாது, புற்றுதான் இருக்கிறது. எனவே மொழிபெயர்த்ததை ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

கடற்கரையிலும் பெயரை நம்ப முடியாது. ஒடிசா, வங்கக் கரையில் ஒதுங்கும் குதிரைலாட நண்டு, சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய சொந்தம். காலிச் சங்குக்குள் குடியிருப்பதும் அசல் நண்டு இல்லை, தனிக் கிளை. அசல் நண்டுக்கு வயிற்றுப்பகுதி அடியில் தட்டையாக மடிந்திருக்கும். சங்கில் இருப்பதற்கு அது மெத்தென்று நீண்டிருக்கும். அதனால்தான் ஓடு தேடி அலைகிறது.

பழைய பாட்டில் நேர்மாறாக நடக்கும், நண்டு இருந்தும் கண்ணில் படாது. அலவன், ஞெண்டு என்றால் அகராதியைத் தேடுவோம். ஐங்குறுநூற்றில் ‘கள்வன் பத்து’ என்று பார்த்ததும் திருடன் கதை என்று கடந்துவிடுவோம். ஓரம்போகியார் பாடிய அந்தப் பத்துப் பாடல்களிலும் கள்வன் என்பது வயல் நண்டு. முதல் பாட்டிலேயே ஆம்பல் தண்டை அறுத்துக்கொண்டிருக்கிறது.