ஷ்விங்கர் மாதிரியை டென்சர் நெட்வொர்க்கில் போடும்போது சறுக்கும் இடங்கள்

லாட்டிஸ் கேஜ் தியரியை (வெளியைப் புள்ளிகளாக்கி விசைப் புலங்களைக் கணிப்பது) டென்சர் நெட்வொர்க்கில் (குவாண்டம் நிலையைச் சிறு எண் அட்டவணைகளின் சங்கிலியாக எழுதும் முறை) பழக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது ஷ்விங்கர் மாதிரியைத்தான். நீளம் என்ற ஒரே பரிமாணமும் காலமும் மட்டும் உள்ள உலகில் குவாண்டம் மின்னியக்கவியல். நிறையில்லா ஃபெர்மியானுக்கு (எலக்ட்ரான் வகைத் துகள்) விடை 1962-லேயே தெரியும்: ஃபெர்மியானும் அதன் எதிர்த்துகளும் பிணைந்து உருவாகும் போசானின் நிறை, மின்னூட்ட அலகில், 0.5642. அப்படியும் தப்பான எண்ணை நம்பிவிடலாம்.

நான் மாட்டிக்கொண்டது பெட்டியின் நீளத்தில். 100 புள்ளிகள், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி 0.1, நீளம் 10 (நீளமெல்லாம் மின்னூட்டத்தின் தலைகீழ் அலகில்). தொடர்ச்சி எல்லையை (புள்ளி இடைவெளி சுழியமாகும் நிலை) நெருங்கலாம் என்று இடைவெளியை 0.05 ஆக்கினேன், புள்ளிகளைக் கூட்ட மறந்துவிட்டேன். பெட்டி 5 ஆகச் சுருங்கிப்போனது. போசானின் ஒட்டுறவு நீளமே (அதன் தாக்கம் எட்டும் தூரம், நிறையின் தலைகீழ்) 1.77, அதில் மூன்று மடங்குகூட இடமில்லை. போசானின் நிறையாக வர வேண்டிய ஆற்றல் இடைவெளி (மிகக் குறைந்த இரு ஆற்றல் மட்டங்களின் வித்தியாசம்) 0.8-ஐத் தாண்டியது. சரி, பாண்ட் டைமென்ஷன் (டென்சர் நெட்வொர்க்கின் அட்டவணைகளின் அளவு) போதவில்லை போலிருக்கிறது என்று 40, 80, 160 என ஏற்றினேன். எண் அசையவே இல்லை. எப்படி அசையும்? அந்தக் குட்டிப் பெட்டிக்கு அதுதான் சரியான விடை!

முதலில் பாண்ட் டைமென்ஷன், அப்புறம் நீளம், கடைசியில்தான் புள்ளி இடைவெளி: இந்த வரிசையைக் கலைக்காதீர்கள். 0.05 இடைவெளியில் நீளம் 20 வேண்டுமென்றால் 400 புள்ளிகள் தேவை. அப்போதும் ஆற்றல் இடைவெளி 0.59 பக்கத்தில்தான் நிற்கும். மீதியை நீளத்தை முடிவிலிக்கு நீட்டிக் கணித்துத்தான் பிடிக்க வேண்டும். புள்ளி இடைவெளி பாதியானால் ஒட்டுறவு நீளம் 18 புள்ளியிலிருந்து 35 ஆகும், குவாண்டம் பின்னலும் கூடும். ஆக, முந்தைய ஓட்டத்துக்குப் போதுமாக இருந்த பாண்ட் டைமென்ஷன் இதற்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபெர்மியான் நிறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கோகட்–சஸ்கைண்ட் லாட்டிஸில் (துகளையும் எதிர்த்துகளையும் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளிகளில் வைக்கும் அமைப்பு) நிறைக்குச் சுழியம் போட்டால் நிறையில்லாக் கோட்பாடு கிடைத்துவிடாது. புள்ளி இடைவெளியில் எட்டில் ஒரு பங்கை நிறையிலிருந்து கழிக்க வேண்டும் என்று 2022-இல் காட்டினார்கள். 0.1 இடைவெளிக்கு அது 0.0125. ஒரே வரித் திருத்தம்தான், ஆனால் தொடர்ச்சி எல்லைக்கு ஒருங்குவது கண்கூடாக வேகமாகும்.

காஸ் விதிக்குத் (மின்னூட்டமே மின்புலத்தை நிர்ணயிக்கும் என்ற விதி) தண்டனை உறுப்பு (விதியை மீறும் நிலைகளுக்குக் கூடுதல் ஆற்றல்) சேர்ப்பவர்கள் அதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால், மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தேடும் டிஎம்ஆர்ஜி முறை தொடங்கிய இடத்திலேயே சிக்கி நிற்கும். திறந்த முனைகள் இருந்தால் காஸ் விதியைப் பயன்படுத்தி மின்புலத்தையே நீக்கிவிடுவது எனக்குப் பிடித்த வழி. தொலைதூர இடைவினை வரும், வரட்டும்.

காலப் பரிணாமத்தில் ஒன்று. ஆற்றல் மாறாமல் இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். நிலையைக் காலத்தில் நகர்த்தும் டிடிவிபி முறை, பாண்ட் டைமென்ஷன் போதாமல் நிலை தடம்மாறிய பிறகும், ஆற்றலைக் காத்துக்கொண்டே போகும். பாண்ட் டைமென்ஷனை இரட்டித்து மீண்டும் ஓட்டுங்கள். அளக்கும் கணியத்துக்கு இரண்டு ஓட்டங்களும் தரும் கோடுகள் எந்த நேரத்தில் பிரிகின்றனவோ, அதுவரை வந்த தரவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.