டாம்கேட் சர்வரின் அமைப்புக் கோப்பை இ.எம்.எஃப். வழியாக ஏற்றுதல்

எக்லிப்ஸ் மாடலிங் ஃபிரேம்வொர்க்கான இ.எம்.எஃப்., எக்ஸ்எம்எல் கோப்பை ஜாவா ஆப்ஜெக்டுகளாக மாற்றித் தரும் என்றாலும், ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அக்கோப்பில், எலிமெண்டுகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் நேம்ஸ்பேஸ் இல்லாததால், அது எந்த மாடலுக்கு உரியது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கோப்பில் எவையெல்லாம் வரலாம் என்று வரையறுக்கும் அதிகாரபூர்வ ஸ்கீமாவும் அதற்குக் கிடையாது. வால்வ், லிஸனர் போன்ற எலிமெண்டுகளில், கிளாஸ்நேம் குறிப்பிடும் கிளாஸ் எந்தப் பண்புகளை ஏற்கிறதோ அவையெல்லாம் ஆட்ரிபியூட்டுகளாக வரலாம் என்பதால், முழுமையான ஸ்கீமா எழுதவும் இயலாது. ஆகவே சர்வர், சர்வீஸ், கனெக்டர், எஞ்சின், ஹோஸ்ட் ஆகியவற்றுக்கு மட்டும் சிறிய எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் ஸ்கீமா) கோப்பு ஒன்றை எழுதி, அதிலிருந்து மாடல் கோடை உருவாக்கிக்கொள்ளுங்கள். போர்ட் ஆட்ரிபியூட்டை எண்ணாக அறிவிக்காமல் ஸ்ட்ரிங்காகவே அறிவிப்பது முக்கியம். 8080 என்று எழுத வேண்டிய இடத்தில், டாலர் குறியும் நெளிவு அடைப்பும் கொண்ட மாறியைப் பலர் எழுதுவார்கள். அந்த மாறிக்குரிய மதிப்பை இடுவது டாம்கேட்டின் வேலை, இ.எம்.எஃப். அதை வெறும் எழுத்தாகவே பார்த்து, எண் அல்ல என்று பிழை தரும்.

எக்லிப்ஸுக்கு வெளியே இயங்கும் நிரலில் காமன், ஈகோர், ஈகோர்.எக்ஸ்எம்ஐ ஆகிய மூன்று இ.எம்.எஃப். ஜார்களையும் சேர்த்து, ஏற்றும் கோப்புகளை ரிசோர்ஸ்களாக வைத்திருக்கும் ரிசோர்ஸ்செட் ஒன்றை உருவாக்கி, எக்ஸ்எம்எல் என்ற கோப்பு நீட்சிக்குரிய ரிசோர்ஸ் ஃபேக்டரியை அதில் பதிவு செய்யுங்கள். அடுத்து, நேம்ஸ்பேஸை மாடலோடு பொருத்தும் பேசிக்எக்ஸ்டெண்டெட்மெட்டாடேட்டா ஆப்ஜெக்டில், நேம்ஸ்பேஸுக்கு நல் (null) என்று கொடுத்து உங்கள் மாடலின் பேக்கேஜை புட்பேக்கேஜ் மெத்தடால் இணைத்து, அந்த ஆப்ஜெக்டை லோடு ஆப்ஷன்களில் சேருங்கள். தெரியாத ஃபீச்சர்களைப் பதிவு செய்யும் ஆப்ஷனையும் ட்ரூ ஆக்குங்கள். இல்லையேல் ஸ்கீமாவில் இல்லாத முதல் ஆட்ரிபியூட்டே பிழையாகிவிடும். பிறகு கோப்பின் முழுப் பாதையிலிருந்து யூஆர்ஐ உருவாக்கி ஏற்றலாம்.

ஏற்றும்போது பிழை எழுந்தாலும் ரிசோர்ஸ் அந்தச் செட்டிலேயே தங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். மறுமுறை கெட்ரிசோர்ஸை அழைத்தால், பாதி ஏறிய அதே ரிசோர்ஸ் பிழை எதுவும் எழுப்பாமல் திரும்ப வரும். எனவே பிழையைப் பிடித்ததும் கெட்எரர்ஸ் பட்டியலைப் படித்துவிட்டு, அந்த ரிசோர்ஸைச் செட்டிலிருந்து நீக்கிவிடுவதே பாதுகாப்பானது.

இத்தகைய மாடலில் கமெண்டுகளுக்கு இடமில்லை. சேமித்தால் அவை போய்விடும். நிர்வாகிகள் எழுதிவைத்த விளக்கங்கள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும் என்பதால், மூலக் கோப்பின்மேல் எழுதாமல் வேறு கோப்பில் சேமித்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே மாற்றுங்கள்.