பிள்ளைக்கு இ-ரீடர் வாங்குகிறீர்களா? முதலில் புத்தகத்தைப் பாருங்கள், அப்புறம் கருவியை

பிள்ளைக்கு 8 வயது தாண்டியிருக்க வேண்டும், படம் அதிகம் இல்லாத கதையை யாரும் பக்கத்தில் உட்காராமலே பத்துப் பக்கமாவது படிக்க வேண்டும். அப்படியென்றால்தான் இ-ரீடர், அதாவது மின்புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள கருவி, வாங்குவதில் அர்த்தம் உண்டு. அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால் வேண்டாம். படக்கதை வயதில் கறுப்பு வெள்ளைத் திரையைக் காட்டினால் இரண்டே நாளில் மூலையில் கிடக்கும். கலர் இ-ரீடர் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது, ஆனால் இப்போது கிடைக்கிற கலர் இ-இங்க் திரைகளில் (இ-ரீடரில் உள்ள, தாளில் அச்சடித்த மாதிரித் தெரியும் திரை) எழுத்து ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் நிறம் 150 புள்ளிதான். படங்கள் வெயிலில் வெளுத்த சுவரொட்டி மாதிரி இருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல படக்கதைப் புத்தகங்களாகவே ஒரு அலமாரி நிறைய வாங்கிவிடலாம்.

டேப்லெட் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் எளிது: இதில் வீடியோ ஓடாது, கேம் இல்லை, ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும், மொட்டைமாடி வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். படிப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் இதன் முழுப் பெருமையும்.

சரி, எதை வாங்குவது? பெரும்பாலானவர்கள் விலையையும் திரை அளவையும் ஒப்பிடுவதில் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வது, உங்கள் பிள்ளை படிக்கப்போகும் புத்தகம் எங்கிருந்து வரப்போகிறது என்பதில் ஆரம்பியுங்கள், கருவி தானாக முடிவாகிவிடும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழும் ஆங்கிலமும் கலந்து படிக்கிற பிள்ளை என்றால் அமேசானின் இ-ரீடரான கிண்டில்தான் வசதி. 2016 டிசம்பரிலிருந்து அதன் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் அதிகாரபூர்வமாகக் கிடைக்கின்றன. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருந்து, பொது நூலகத்தின் மின்புத்தகங்களை இரவல் எடுப்பதுதான் திட்டம் என்றால் கிண்டில் வாங்காதீர்கள். நூலகப் புத்தகத்தைக் கிண்டிலில் அனுப்பிப் படிக்கிற வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். அங்கே கோபோ என்ற இன்னொரு இ-ரீடரை எடுங்கள், நூலக மின்புத்தகங்களை இரவல் எடுக்கிற ஓவர்டிரைவ் சேவை அதிலேயே இருக்கிறது. ஆனால் கோபோவில் தமிழ்ப் புத்தகம் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரலாம். பயப்பட வேண்டாம், கணினியோடு இணைத்து, ஆங்கிலத்தில் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை அதில் போட்டு, புத்தகத்தைத் திறந்து அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

கிண்டில் என்று முடிவு செய்தால் அடிப்படை மாடலே பிள்ளைக்குப் போதும். 2022க்குப் பிறகு வந்த அடிப்படை மாடலில் 6 அங்குலத் திரை, 300 புள்ளி, 16 ஜிபி, எடை 158 கிராம்தான். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்தாலும் சின்னக் கைக்கு வலிக்காது. விலை கூடிய கிண்டில் மாடலான பேப்பர்வொயிட்டில் தண்ணீர் பட்டாலும் தாங்கும், விளக்கின் நிறத்தை மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம். இரவில் படிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்த மஞ்சள் வெளிச்சத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம், இல்லையென்றால் தேவையில்லை. 2019இல் வந்த அடிப்படை மாடலை யாராவது மலிவாகத் தந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதில் 167 புள்ளிதான். ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை, சுழியும் கொம்பும் உள்ள தமிழ் எழுத்து சின்ன அளவில் கொஞ்சம் மசமசவென்று இருக்கும்.

பழையது வாங்கினாலும் சரி, வீட்டு அலமாரியில் கிடப்பதை எடுத்துக் கொடுத்தாலும் சரி, தமிழ்ச் சோதனை ஒன்று செய்யாமல் விடாதீர்கள். ஏதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தின் இலவச மாதிரியை இறக்கி, 'கொக்கு', 'தேங்காய்', 'பௌர்ணமி' மாதிரிச் சொற்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டால், அல்லது புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் தெரிந்தால், அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளையை அப்படி உடைந்த எழுத்தில் படிக்கவிடுவது கொடுமை. அதோடு, பழைய கருவியை விற்பவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்றும் உங்கள் கண்முன்னேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இலவசத் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த நூல்கள் இருக்கின்றன. அங்கே ஒரே புத்தகம் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் கிடைக்கும். ஈபப்பை எடுங்கள். கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை மோபியை இப்போது ஏற்பதில்லை, பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. ஏ4 பிடிஎஃப்பை 6 அங்குலத் திரையில் திறந்தால் எறும்பு அளவு எழுத்துதான். அதை ஈபப்பாக மாற்றலாமே என்று காலிபர் என்ற மின்புத்தக மென்பொருளில் போடுபவர்கள் உண்டு. யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் என்றால் மாற்றியதும் வெறும் குறியீட்டுக் குப்பைதான் வரும். மாற்றாமல், திரையைப் படுக்கைவசமாகத் திருப்பி, அப்படியே படிக்க வேண்டியதுதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளம் பெரிய சுரங்கம், ஆனால் அதில் பெரும்பகுதி செவ்விலக்கியமும் பழைய நூல்களும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு நீங்கள்தான் தேடிப் பொறுக்கித் தர வேண்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் குழந்தைக் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து இருக்கின்றன. அதில் நான்காம் நிலைக் கதைகளில் எழுத்து அதிகம், இ-ரீடருக்கு ஓரளவு ஒத்துவரும். முதல் இரண்டு நிலைகளைக் கலர்த் திரையிலோ தாளிலோ காட்டுங்கள்.

ஈபப்பைக் கிண்டிலுக்கு அனுப்ப, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' பக்கத்தில் கோப்பை இழுத்துப் போட்டால் போதும், 200 எம்பி வரை ஏற்கும். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் அனுப்புகிற முகவரியை முன்கூட்டியே அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி வெளியூரிலிருந்து பேரனுக்குக் கதை அனுப்ப இது அருமையான வழி. அவர்கள் முகவரியையும் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

இனி அமைப்பு. இதைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் தனியாக உட்கார்ந்து முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உங்கள் கணக்கில் திரையை ஒருமுறை தட்டினாலே புத்தகம் வாங்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கிண்டிலின் செட்டிங்ஸில் பேரன்டல் கன்ட்ரோல்ஸ் போய் கடை, இணைய உலாவி, கிளவுட், குட்ரீட்ஸ் (புத்தக மதிப்புரைத் தளம்) எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். கடையை அடைப்பது பணத்துக்காக மட்டும் இல்லை. கிண்டிலின் தமிழ்ப் பிரிவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் கண்ணில் படுவது காதல் நாவல்களின் அட்டைகள்தான். கிளவுடை அடைத்தால் நீங்கள் வாங்கிய பெரியவர்கள் புத்தகங்களும் பிள்ளைக்குத் தெரியாது, கருவியில் இறக்கி வைத்தவை மட்டும்தான் இருக்கும். கடவுச்சொல்லை எங்காவது குறித்து வையுங்கள், மறந்தால் கருவியை முழுக்க அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று, அம்மாவும் பிள்ளையும் ஒரே கணக்கில் ஒரே புத்தகத்தைப் படித்தால், ஒருவர் நிறுத்திய பக்கத்துக்கு இன்னொருவர் கருவி தாவப் பார்க்கும், சண்டை வரும். புத்தகங்களை இறக்கியதும் பிள்ளையின் கருவியை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, பேட்டரியும் நீளும்.

எழுத்தளவைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். உங்களுக்கு அசிங்கமாகப் பெரிதாகத் தெரிந்தாலும் விடுங்கள், ஒரு பக்கத்தில் சொற்கள் குறைவாக இருந்தால் சீக்கிரம் பக்கம் புரளும், அந்தச் சந்தோஷத்தில் மேலே படிப்பார்கள். கீழே ஓடும் சதவீதத்தையும் 'இன்னும் எத்தனை நிமிடம்' என்பதையும் மறைத்துவிடுங்கள். சில பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு எண்ணைத்தான் துரத்துவார்கள். பூட்டுத் திரையில் படிக்கிற புத்தகத்தின் அட்டை தெரியும்படி வையுங்கள், மேசையில் கிடந்தாலே எடுக்கத் தோன்றும். ஆங்கிலக் கதைகளுக்கு வேர்ட் வைஸ் போட்டுவிட்டால் கடினமான சொற்களுக்கு மேலே சின்னதாக எளிய பொருள் வரும். மெனு எல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழில் கிடையாது, ஒருமுறை கூட இருந்து காட்டுங்கள். ஆரம்பத்தில் நாலைந்து புத்தகம் போதும். இருநூறு போட்டுக் கொடுத்தால் பிள்ளை அட்டை பார்த்தே பொழுதைக் கழிக்கும்.

கவர் இல்லாமல் ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள், முன்பக்கம் மூடுகிற கவராகப் பார்த்து வாங்குங்கள். இ-இங்க் திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருக்கிறது, கீழே விழாமலேயே, பையில் டிபன் பாக்ஸ் அழுத்தினாலே உள்ளே விரிசல் விட்டுக் கோடு கோடாக வந்துவிடும். பள்ளிப் பைக்குள் இதற்கு இடமே இல்லை.

பள்ளிப் பாடப்புத்தகங்களையும் இதிலேயே போட்டுவிடலாமே என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை பெரிய பக்கத்துக்காக, நிறப் படங்களோடு அமைத்தவை, 6 அங்குலத்தில் படிக்கவே முடியாது. படிக்க முடிந்தாலும் போடாதீர்கள், கதைக்கென்று வாங்கிக் கொடுத்ததில் கணக்குப் பாடம் எட்டிப்பார்த்தால் எந்தப் பிள்ளையும் அதன் பக்கம் வராது.