வீட்டில் இரும்பு வேலை: லேத்தைக் கடைசியில் வாங்குங்கள்

இரும்பு வேலையில் ஆசை வந்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது லேத்துதான், அதாவது கம்பியைச் சுழற்றி டூலால் கடையும் மெஷின். எனக்கும் அப்படித்தான் ஆனது. கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டி ஒரு சின்ன லேத்தை வாங்கி மேசைமேல் ஏற்றிய பிறகுதான் உறைத்தது, அதில் மாட்ட வேண்டிய கம்பியை அறுக்கும்போது இறுக்கிப் பிடிக்க ஒழுங்கான வைஸ் இல்லை, கடைந்ததை அளக்க நம்பி எடுக்கக்கூடிய வெர்னியர் இல்லை, வெட்டும் டூலைத் தீட்ட கிரைண்டரும் இல்லை. மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடந்தது. அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: பிடிப்பது, அளப்பது, அறுப்பது, துளைப்பது, இதெல்லாம் முடிந்து பணம் மிச்சமிருந்தால் கடைவது.

வைஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தாடை அகலம் 100 முதல் 125 மி.மீ. இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். கடையிலேயே தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். அப்புறம் பாதி திறந்து நகரும் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய வைஸ் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் வார்ப்பிரும்பில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தால் தொடாதீர்கள். மேசையில் பொருத்தும்போது நிலையான தாடை மேசை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே வரட்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும்.

அளப்பதற்கு 150 மி.மீ. வெர்னியர், ஒரு மூலைமட்டம், உலோகத்தில் கோடு கீற ஸ்க்ரைபர், துளைக்கும் இடத்தில் குழி அடிக்க சென்டர் பஞ்ச் போதும். இன்னும் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் பிறகு. வெர்னியரைச் சோதிக்க ஒரு எளிய வழி: புதிய 608 பேரிங் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிவிட்டம் 22, உள்துளை 8, தடிமன் 7 மி.மீ. மூன்றும் சரியாகக் காட்டினால் வாங்கலாம்.

இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடில் அங்குலத்துக்கு எத்தனை பல் என்று பாருங்கள். எந்த நேரமும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்தின்மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் உடையும். ஆகவே மெல்லிய தகடுக்கும் குழாய்க்கும் 32, பொதுவேலைக்கு 24, தடித்த கம்பிக்கு 18. அரம் நான்கைந்து நல்லதாக வாங்கி, பிடி போடாமல் ஒன்றையும் பயன்படுத்தாதீர்கள், அரத்தின் கூரான வால் உள்ளங்கையில் ஏறியவர்களுக்குத்தான் ஏன் என்று தெரியும். எல்லா அரத்தையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று உரசி அவையே மழுங்கிவிடும்.

ஆங்கிள் கிரைண்டரில் 100 அல்லது 125 மி.மீ. போதும், 230 மி.மீ. பக்கமே போகாதீர்கள். கையை எடுத்தால் தானாக நிற்கும் துடுப்பு சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். டிஸ்க்கின் மேல் போட்டிருக்கும் அதிகபட்ச சுற்று உங்கள் கிரைண்டரின் சுற்றைவிடக் குறையக்கூடாது. நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சடித்திருக்கும், தள்ளுபடியில் கொட்டி விற்கும் டிஸ்க் வாங்கும்போது அதைக் கண்டிப்பாகப் படியுங்கள். டிஸ்க்கை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது கெட்டிக்காரத்தனம் இல்லை.

பெஞ்ச் டிரில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லோரும் மோட்டார் எத்தனை வாட் என்று கேட்கிறார்கள், கேட்க வேண்டியது மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பது. ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட்டால் மைல்ட் ஸ்டீலை, அதாவது சாதாரண இரும்பைத் துளைக்க ஒரு தோராயக் கணக்கு உண்டு: 8000ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 5 மி.மீ. பிட்டுக்கு 1600, 10க்கு 800, 20க்கு 400. ஸ்டெயின்லெஸ் என்றால் இதில் பாதி. இப்போது யோசியுங்கள், 600க்குக் கீழே இறங்காத டிரில்லில் 20 மி.மீ. துளை போட்டால் பிட் நீலமாகி முனை எரிந்துபோகும். அடுத்து, பிட்டைப் பிடிக்கும் சக்கைக் கீழே முழுதாக இறக்கிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கையில் தெரிந்தால் துளை வட்டமாக வராது. கூடவே ஒரு மெஷின் வைஸ் வாங்கி மேடையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். தகட்டைக் கையால் பிடித்துத் துளைத்தால், பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் அது விசிறிபோலச் சுழலும். கையுறையும் வேண்டாம், சுழலும் பிட் அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

நூறு பிட் கொண்ட மலிவுப் பெட்டியைவிட, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் ஏழெட்டு அளவில் நல்ல பிட் மேல். 6 மி.மீ. போல்ட் ஏறும் எம்6 மரைக்கு 5 மி.மீ. பிட், எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5. இந்த மூன்றையும் துளைக்குள் மரை வெட்டும் டேப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சரி, லேத். மெஷின் விலைக்கு ஏறக்குறைய சமமான பணம் கம்பியைப் பிடிக்கும் சக், டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட், கம்பி முனையில் குழி போடும் சென்டர் டிரில், டூல் பிட், தீட்டும் கிரைண்டர் என்று போகும், அதை ஒதுக்கி வைக்காமல் விலை பேசாதீர்கள். பழைய லேத்தில், டூல் நகரும் அடித்தளமான பெட்டின் தேய்மானம் எப்போதும் சக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கிறது. உரிமையாளர் சம்மதித்தால் டூலைச் சுமந்து நகரும் கேரேஜை சக் அருகே கொண்டுவந்து, லேசாக இழுத்தால் நகரும் அளவுக்கு அதன் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையை) இறுக்கி, மறுகோடிக்கு நகர்த்துங்கள். போகப் போக இறுகிச் சிக்கினால் பெட் தேய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்வது வீட்டு வேலை இல்லை. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியில் வெற்றுச் சுற்று இருந்தால் பயப்பட வேண்டாம், நட் மாற்றினால் போகும். மரை வெட்டும் ஆசை இருந்தால் மாற்றுப் பல்சக்கரங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மோட்டார் மூன்று ஃபேஸ் என்றாலும் விஎஃப்டி (ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் கருவி) ஒன்று வைத்து வீட்டு ஒற்றை ஃபேஸில் பெரும்பாலும் ஓட்டிவிடலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

கடைசியாக, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு கம்பியை மாட்டி நீங்களே ஒரு வெட்டு எடுங்கள். "இங்கே கரண்ட் இல்லை, ஆனால் நல்லா ஓடும்" என்று பதில் வந்தால் மோட்டார் செத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு விலை கேளுங்கள்.